மூச்சைப் பார்த்துக்கொண்டு

ஜெனோவா சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது என்றுதான் பிலோமினாவுக்கு முதலில் தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு கம்பளிகளை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தவள், முன்னறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் விழித்து, கண்ணைத் திறக்காமலேயே கேட்டுக்கொண்டு கிடந்தாள். தங்கச்சியின் சிரிப்புதான். வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு வாங்க நின்று, மறுபடி பிடித்துக்கொள்கிற பழைய சிரிப்பு. கொடைக்கானலுக்குக் கூட்டி வந்தது நல்லதாகப் போயிற்று. டாக்டரும் கொஞ்ச நாள் இடம் மாறி இருக்கட்டும் என்றுதான் சொன்னார். அம்மாதான் வேண்டாம் என்றாள், அந்தக் குளிரில் அவளை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக என்னடி செய்வாய் என்று. இப்போது அம்மாவுக்கு போன் போட்டு இந்தச் சத்தத்தை மட்டும் கேட்கவைக்கலாம், ஒன்றும் பேசாமல். படுக்கை சூடாக இருந்தது. திண்டுக்கல் ஜங்ஷனில் இந்நேரம் முன்பதிவு கவுண்ட்டருக்கு முன்னால் வரிசை நிற்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வாய்கள் அசையும், பாதி காதில் விழாது, விழாததையும் சேர்த்துப் புரிந்துகொண்டு டிக்கெட் போட வேண்டும். அங்கே இல்லை, இங்கே இருக்கிறாள். இன்னும் கொஞ்சம் படுத்திருக்கலாம். சிரிக்கட்டும். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அதில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. எதற்குச் சிரிக்கிறாள்? கூட நவநீதன் இருக்கிறானே, ஜெனோவாவோடு காலேஜில் படித்தவன், இங்கே டூரிஸ்ட்டுகளுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறவன், இந்த வீட்டையே பிடித்துக் கொடுத்தவன், அவன் ஏன் கூடச் சிரிக்கவில்லை? ஏறிவிட்டதோ. வீட்டில் அதற்கு அந்த வார்த்தைதான், ஏறுவது, இறங்குவது. நோயின் பேரை யாரும் சொல்லமாட்டார்கள். ஏறினால் விடிய விடிய அலமாரியைக் காலி செய்து அடுக்குவாள், தெரியாதவர்களுக்கெல்லாம் போன் செய்வாள். இறங்கினால் தலை வாரக்கூட எழமாட்டாள். இரண்டுக்கும் நடுவில் அவளைப் பிடித்து நிறுத்துவது லித்தியம் மாத்திரை. காலையில் பிலோமினா தன் கையால்தான் கொடுத்தாள். விழுங்கியதும் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்றாள், இருபத்தொன்பது வயதுக்காரியிடம். அவளும் திறந்தாள், தூக்கினாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாத்திரை உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் ஏறியிருக்காது. அப்படியென்றால் இது என்ன.

எழுந்து போனாள். ஜெனோவா தரையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்திருந்தாள், மாட்டின் வயிற்றைத் தடவுகிற மாதிரி. முகமெல்லாம் வியர்வை, இந்தக் குளிரில். “அக்கா, இங்க வாயேன், சுவரு மூச்சு விடுது பாரு,” என்றாள். திரும்பிய கண்ணில் கருமணி விரிந்து விரிந்து பழுப்பு நிறமே இல்லாமல் போயிருந்தது. அந்தக் கண்ணைப் பிலோமினா பார்த்ததில்லை. ஏறும்போதும் பார்த்ததில்லை. நவநீதன் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான், சிரிக்க முயன்று பாதியில் விட்ட முகத்தோடு. “என்ன குடுத்த?” என்றாள். “ஒண்ணுமில்லக்கா.” “நவநீதன், என்ன குடுத்த?” “காளான்க்கா. இங்க மலையில மொளைக்கிறது. தேன்ல போட்டு. பயப்பட ஒண்ணுமில்ல, நான் எத்தன பேரப் பாத்துருக்கேன், நாலஞ்சு மணி நேரத்துல எறங்கிரும்.” பிலோமினா தங்கச்சியோடு நடந்து போயிருக்கிறாள் ஏரிக்கரையில், முதல் நாள், கம்பளித் தொப்பி விற்கிற கடைகளுக்கு நடுவில் ஒருத்தன் வாயை அசைக்காமல் மஷ்ரூம் வேணுமா என்று கேட்டுக்கொண்டே கடந்து போனான், ஜெனோவா திரும்பிப் பார்த்தாள், இவள் சமையலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். என்ன முட்டாள். “அவளேதான் கேட்டாக்கா. அந்த மாத்திரையெல்லாம் போட்டுப் போட்டு உள்ள மரத்துப்போச்சு, அழக்கூட வரமாட்டேங்குதுன்னா. இது இயற்கைதானேன்னு…” “எந்த மாத்திரைன்னு உன்கிட்ட சொன்னாளா?” “தூக்க மாத்திரைன்னா.” தூக்க மாத்திரை. அம்மா எல்லோரிடமும் சொல்வது அதுதான். பங்குச் சாமியாரிடம், அத்தையிடம், பக்கத்து வீட்டில். தூக்கம் வராது பிள்ளைக்கு, அதற்கு மாத்திரை. வீடே சேர்ந்து சொல்லிச் சொல்லி ஜெனோவாவுக்கும் வாயில் அதுதான் வருகிறது. “லித்தியம்டா அது,” என்றாள் பிலோமினா. வெளியாள் ஒருத்தனிடம் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் முறை. நவநீதனின் முகம் மாறியது. அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த வியாபாரத்தின் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இது மட்டும் தெரியும் போல. “அய்யோ,” என்றான், “அதோட சேரக் கூடாதேக்கா.”

எவ்வளவு தின்றாள் என்று கேட்டதற்கு முதலில் கொஞ்சம்தான் என்றான். பிறகு, தான் வெளியே போன் பேசிவிட்டு வருவதற்குள் மிச்சத்தையும் எடுத்துத் தின்றிருக்கிறாள் என்றான். மேஜையில் செய்தித்தாள் பொட்டலம் ஒன்று விரிந்து கிடந்தது, அதில் காய்ந்த வெற்றிலைக் காம்பு மாதிரி இரண்டு மூன்று துணுக்குகள். ஜெனோவாவின் சிரிப்பு எப்போது நின்றது என்று பிலோமினாவுக்குத் தெரியவில்லை. திரும்பியபோது அவள் சுவரை விட்டு விலகி, முழங்காலைக் கட்டிக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள். “அவங்க என்னைப் பத்திதான் பேசுறாங்க.” “இல்லடா.” “என் கை எங்கக்கா? இது என் கை இல்ல.” குரல் ஏறிக்கொண்டே போனது. பிலோமினாவின் தொண்டைக்குள் அம்மாவின் கத்தல் தயாராக வந்து நின்றது, ஏண்டி எங்களைச் சாகடிக்கிற என்கிற அந்தக் கத்தல், கூடவே உள்ளங்கையில் ஒரு அரிப்பு, ஒரு அறை விட்டால் தெளிந்துவிடுவாள் என்று. விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அறை மட்டுமா, முதல் தடவை ஏறியபோது அம்மா அவளை ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கொண்டுபோனாள், தகரக் கொட்டகை, நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகப் போ போ என்று கத்தினார்கள். கத்தக் கத்த ஜெனோவா இன்னும் துள்ளினாள், எதைப் போகச் சொல்கிறார்கள், தன்னையேதான் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்தாளாம், பின்னால் சொன்னாள். பிலோமினாவும் ஒரு காலைப் பிடித்திருந்தாள். கணுக்கால். இன்னமும் அந்த எலும்பு கைக்குள் இருக்கிறது. இல்லை, கத்தக் கூடாது. டிவியை அணைத்தாள். திரையை இழுத்து விட்டாள். மேஜை மேலிருந்த கத்தியையும் கண்ணாடி டம்ளர்களையும் எடுத்து அடுப்படியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு தங்கச்சிக்கு எதிரில், கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். தொடவில்லை. “ஜெனோ, நான் அக்கா. நீ ஒரு காளான் சாப்பிட்டுருக்க. அதனாலதான் இப்படித் தெரியுது. உனக்குப் பைத்தியம் புடிக்கல. இது போயிரும். நான் எங்கயும் போகல.” கவுண்ட்டரில் மைக்குக்குள் பேசுகிற குரலாகத்தான் வந்தது, ஆனால் நிதானமாக வந்தது. அதையே திரும்பச் சொன்னாள். மறுபடியும். ஜெனோவாவின் தோள் கொஞ்சம் தழைந்தது. “உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைப்போமாக்கா? எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரட்டா, மோரு…” என்று நவநீதன் காதருகில் வந்தான். “ஒண்ணும் குடுக்காத,” என்றாள். இவள் இருக்கிற நிலையில் உள்ளே ஊற்றுவது எந்தக் குழாயில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் பார்ப்போம். அந்த எண்ணம் எவ்வளவு இதமாக வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் பார்ப்போம், தெளிந்துவிடும், யாருக்கும் தெரியவேண்டாம். ஆஸ்பத்திரி என்றால் கேட்பார்கள், என்ன தின்றாள், யார் கொடுத்தது. போலீஸ் வரும். பேப்பரில் வருமா? கொடைக்கானலில் போதைக் காளான் தின்ற திண்டுக்கல் பெண். அம்மா அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு பூசைக்குப் போக முடியுமா. ஆபீசில் சொல்வார்கள், ஏற்கனவே சொல்கிறார்கள், பிலோமினா மேடம் வீட்டில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் நாற்பத்தொரு வயதுவரை… பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள், காபியைக் குடித்து முடித்து, இன்னொரு பொண்ணு இருக்காமே, ரூமில் இருக்கா போல, என்பார்கள். ரூமிலிருந்து ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், பிறகு போன் வராது. அதில் ஒருவர், பேர் இக்னேஷியஸ், தூத்துக்குடிக்காரர், படிக்கட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தார். எதற்காகத் திரும்பினார் என்று பல வருடம் யோசித்திருக்கிறாள். செருப்பைத் தேடினாரோ என்னவோ. கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டே தங்கச்சியின் கையைப் பார்த்தாள். அந்தக் கை எப்போதும் லேசாக நடுங்கும், மாத்திரை செய்கிற வேலை, டம்ளரைப் பிடித்தால் விளிம்பில் தண்ணீர் அலையும். அந்த நடுக்கம் பழகியது. இது அது இல்லை. விரல்கள் விட்டு விட்டு வெட்டின, யாரோ உள்ளிருந்து கயிற்றைச் சுண்டி இழுப்பது போல. தாடை இறுகியிருந்தது. கூப்பிட்டாள், “ஜெனோ.” பார்வை இவளைத் தாண்டி எங்கோ நின்றது. நெற்றியில் கையை வைத்தாள், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோலச் சுட்டது. சிரிப்பதும் அழுவதும் பயப்படுவதும் வேறு, போய்விடும். உடம்பு இப்படிக் கொதிப்பது வேறு. யாரோ எழுப்பி நிறுத்தியது போலப் பிலோமினா எழுந்து நின்றிருந்தாள், போன் கையில் இருந்தது, சிக்னல் இல்லை. ஜன்னல் பக்கம் போனாள், இல்லை. வாசல் கேட்டை ஒட்டி நின்றால்தான் வரும் என்று நவநீதன் வந்த அன்றைக்கே சொல்லியிருந்தான். அவனை உள்ளே தங்கச்சியோடு விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. அவன்தான் கொடுத்தான். ஆனால் தனியாக விடுவதைவிட. “அவ பக்கத்துல உக்காரு. அமுக்கிப் புடிக்காத. தலை எதுலயும் இடிக்காமப் பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். பின்னாலேயே அவன் குரல் வந்தது, “அக்கா, வயித்துக்கு ஒத்துக்கலன்னு சொல்லுங்கக்கா, சாப்பாடு ஒத்துக்கலன்னு, ப்ளீஸ்க்கா.”

வெளியே மேகம் தரையில் இறங்கியிருந்தது. கேட் தெரிந்தது, அதற்கு அப்பால் ரோடு தெரியவில்லை. நூற்றியெட்டில் ஒரு பெண் எடுத்தாள். என்ன பிரச்சனை மேடம் என்றாள். அந்த ஒரு நொடியில் இரண்டு வாக்கியங்களும் பிலோமினாவின் வாயில் நின்றன. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது மிகவும் எளிதான வாக்கியம், சொல்லிவிட்டால் அம்மா, ஆபீஸ், நவநீதன், பேப்பர் எல்லாம் தப்பித்துக்கொள்ளும், ஒருத்தியைத் தவிர. “என் தங்கச்சி போதைக் காளான் சாப்பிட்டுட்டா, நெறய,” என்றாள். “லித்தியம் மாத்திரை போடுறவ. தினமும். இன்னைக்கும் போட்டுருக்கா. உடம்பு கொதிக்குது, கை கால் வெட்டுது.” அந்தப் பெண் ஆச்சரியப்படவில்லை, திட்டவில்லை, எங்கே இருக்கிறீர்கள் என்றாள், எந்த ரோடு, பக்கத்தில் என்ன இருக்கிறது, மூச்சு இருக்கிறதா, கூப்பிட்டால் பதில் சொல்கிறாளா. வண்டி கீழேயிருந்து கிளம்பவேண்டும், மேகமாக இருக்கிறது, போனை வைக்காதீர்கள் என்றாள். அப்போது உள்ளேயிருந்து நவநீதன் கத்தினான்.

வலிப்பு என்பதைப் பிலோமினா பிளாட்பாரத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள், தூரத்தில், ஆட்கள் சுற்றி நின்றதால் செருப்புக் கால்கள் மட்டும் உதைப்பது தெரிந்தது. இது பக்கத்தில். ஜெனோவாவின் முதுகு வில்லாக வளைந்து தரையில் அடித்தது, கண் மேலே செருகிக்கொண்டது, வாயோரத்தில் நுரை, பல்லுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம், அது யாருடைய சத்தமும் இல்லை. நவநீதன் அவள் கைக்குள் பைக் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தான், இரும்பு, இரும்பு வைக்கணும் என்று அழுதுகொண்டே, இன்னொரு கையில் ஸ்பூன். பிலோமினா போனை ஸ்பீக்கரில் போட்டாள், அது கேட்டிலிருந்து உள்ளே வர வர விட்டு விட்டுக் கேட்டது. வாயில எதையும் திணிக்காதீங்க. புடிச்சு அமுக்காதீங்க. சுத்தி இருக்கற சாமான நகத்துங்க. தலைக்கு அடியில மெத்துன்னு எதாவது. பிறகு குரல் செத்துவிட்டது. ஸ்பூனைப் பிடுங்கி எறிந்தாள். மேஜையை இழுத்தாள். தன் சால்வையை மடித்துத் தலைக்கு அடியில் தள்ளினாள். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. பிடிக்கக் கூடாது, பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். கணுக்கால் அவளுக்கு எதிரிலேயே உதைத்துக்கொண்டிருந்தது, கை தானாக அதை நோக்கிப் போனது, இழுத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று பின்னால் கேட்டார்கள், எல்லோரும் கேட்டார்கள், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு ஜெபமாலையின் பாதி நேரமா, ஒரு தும்மல் நேரமா. அது அடங்கியபோது உடம்பு துவண்டு கிடந்தது, ஈரமாக. அவளை ஒருக்களித்துத் திருப்பினார்கள் இரண்டு பேருமாக, மேல் காலை மடக்கி, முகத்தைத் தரைப் பக்கம் சாய்த்து. வாயிலிருந்து எச்சிலும் கொஞ்சம் வாந்தியும் வழிந்து வெளியே வந்தது. மல்லாக்க விட்டிருந்தால் அது உள்ளே போயிருக்கும். ஸ்வெட்டரைக் கழற்றினாள், ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். மூச்சு வந்தது. குறட்டை மாதிரி, கரடுமுரடாக. நவநீதன் எழுந்து நின்றான். “வண்டிக்காரனுக்கு இந்த வளைவு தெரியாதுக்கா, நேரா மேல போயிருவான், நான் ரோட்டுல போய் நிக்கிறேன்,” என்றான். மேஜையிலிருந்த பொட்டலத்தை எடுத்தான். “அதை வை,” என்றாள். “அக்கா…” “வைடா. என்ன காளான்னு அவங்க பாக்கணும்.” வைத்தான். கதவைத் திறந்து மேகத்துக்குள் போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஓடிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம்கூட வரவில்லை.

இப்போது அறையில் அந்த மூச்சு மட்டும் இருந்தது. பிலோமினா தரையில் உட்கார்ந்து தங்கச்சியின் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எழும்புகிறது, தாழ்கிறது, எழும்புகிறது. தாழ்ந்ததற்கும் எழும்புவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில்தான் அது வந்தது. முடிந்துவிட்டால். அவ்வளவுதான், ஒரு சொல், யாரோ பக்கத்து அறையில் சொன்னது மாதிரி. விலா எழும்பியது, அது போய்விட்டது. மாதாவே, என்ன நினைத்தேன். ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள். விலா தாழ்ந்தது, மறுபடி வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. முடிந்துவிட்டால் காலையில் யாரையும் வாயைத் திற என்று சொல்லவேண்டாம். போன் அடித்தால் நெஞ்சு அடைக்காது. அம்மா அழுவாள், பிறகு தூங்குவாள், பதினொரு வருடத்துக்குப் பிறகு முழுசாக ஒரு தூக்கம். தானும் ஒரு கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்கலாம். யாரும் தன்னைக் குற்றம் சொல்ல முடியாது, எல்லாம் சரியாகச் செய்தாகிவிட்டது, போன் செய்தாள், உண்மையைச் சொன்னாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். எல்லாம் சரியாகச் செய்தும் போய்விட்டாள் என்றால், போய்விட்டாள். எழும்பியது விலா. இல்லை இல்லை இல்லை. ஐந்து வயது ஜெனோவா மொட்டை மாடியில் பட்டம் விடுகிறேன் என்று நூலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பட்டம் எப்போதோ அறுந்துபோய்விட்டது, அவளுக்குத் தெரியவில்லை, மேலே பார்த்துச் சிரிக்கிறாள், அக்கா, எம்புட்டு உயரம் போயிருச்சு பாரு, கண்ணுக்கே தெரியல. அறுந்துவிட்டது என்று இவள் சொல்லவில்லை. சொல்லாமல் பக்கத்தில் நின்றாள். அந்தப் பிள்ளை மேல் இவளுக்கு எவ்வளவு ஆசை. அந்தப் பிள்ளையைத்தான் இப்போது. தாழ்ந்தது. வந்தது. அதை விரட்ட விரட்ட அது வந்த வழியைத் தெரிந்துகொண்டது. இது இன்றைக்குத்தான் வந்ததா? நிஜமாகச் சொல்லு பிலோமினா. ஆஸ்பத்திரி வராந்தாக்களில், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த காலைகளில், மாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டு ஓடிய ராத்திரி, கடைசிப் படியில் கால் ஒரு நொடி தயங்கியதே, அது மூச்சு வாங்கவா? எழும்பு. எழும்பு ஜெனோ. அவள் பேச ஆரம்பித்தாள். பேசினால் அது வராது என்று. “நான் இங்கதான் இருக்கேன். வண்டி வருது. வளைவு வளைவா வருது, அதான் லேட்டு. நீ மூச்சு விடு, அது போதும், வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.” பேசிக்கொண்டே இருந்தாள், கவுண்ட்டரில் ரயில்களின் பேரைச் சொல்வது போலத் தெருக்களின் பேரைச் சொன்னாள், சித்தப்பா பிள்ளைகளின் பேரை, அம்மா வைக்கிற மீன் குழம்பை, அதில் மாங்காய் போடுவது உனக்குப் பிடிக்காதே. கொஞ்ச நேரம் போனதும் எது வாயிலிருந்து வருகிறது, எது உள்ளேயே நிற்கிறது என்று பிரித்தறிய முடியாமல் போனது. எனக்கு முடியலடி என்று ஒரு குரல் கேட்டது. அது வெளியே கேட்டதா? முடிஞ்சு போயிரேன் என்று. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உதடுகள் ஈரமாக, சூடாக, இப்போதுதான் அசைந்து நின்றவை மாதிரி இருந்தன. மேகம் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது, அறைக்கு வெளியே எதுவுமே இல்லாதது மாதிரி. விலா தாழ்ந்தது. காத்திருந்தாள். எழும்பவில்லை. காத்திருந்தாள். எழும்பவில்லை. அப்போது பிலோமினாவின் உடம்பு முழுவதும் ஒரு பயம் பாய்ந்தது, அதில் எந்தக் கணக்கும் இல்லை, களைப்பும் இல்லை, தங்கச்சியின் முகவாயைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்க்குள் விரலால் வழித்துவிட்டு, “ஜெனோ! ஏய்! ஜெனோ!” என்று தோளைத் தட்டிக் கத்தினாள், இவ்வளவு நேரம் கத்தாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து. ஒரு இழுப்பு. உள்ளே எதுவோ கிழிவது மாதிரி ஒரு பெரிய இழுப்பு, பிறகு மூச்சு. அவள் அழுதுகொண்டிருந்தாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

வண்டியின் விளக்கு மேகத்துக்குள் நீலமாகச் சுழன்றுகொண்டு வந்தபோது அதற்கு முன்னால் ஒரு பைக் வந்தது. நவநீதன். நனைந்துபோய், பல் கிட்டித்துக்கொண்டு. கீழே மூன்றாவது வளைவு வரைக்கும் போய்க் கூட்டி வந்திருக்கிறான். பிலோமினா அவனைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியில் வந்த ஆள் ஜெனோவாவின் விரலில் ஒரு கருவியை மாட்டினார், மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார், ஊசி போட்டார். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். நவநீதன் வாயைத் திறந்து மூடினான். பிறகு, “நான்தான் சார் குடுத்தேன்,” என்றான், எந்தக் காளான், எவ்வளவு, மத்தியானம் எப்போது என்று எல்லாவற்றையும் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டே. பிலோமினா பொட்டலத்தையும் மாத்திரை அட்டையையும் கொடுத்தாள். வண்டி மலையில் இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஜெனோவாவின் தலை இவள் முழங்கையில் வந்து மோதியது, ஒவ்வொரு தடவையும் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே இன்னொரு வலிப்பு வந்தது. உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், பிலோமினாவைவிட வயதில் சின்னவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். வெறும் காளான் என்றால் பெரும்பாலும் பயந்து அழுது தெளிந்திருப்பார், லித்தியத்தோடு சேர்ந்ததுதான் வலிப்பில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. நீங்கள் உண்மையைச் சொன்னதால் தடவிக்கொண்டிருக்காமல் நேராக மருந்து கொடுக்க முடிந்தது. இப்போதைக்கு நின்றிருக்கிறது. ஆனால் ஒன்று, பொறுக்கியது காட்டுக் காளான், அதில் வேறு விஷக்காளான் கலந்திருந்தால் அது இன்றைக்குத் தெரியாது. ஈரலைத் தாக்குகிறதா என்று இரண்டு மூன்று நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். “பொழைச்சுருவாளா?” “இப்ப நல்லா மூச்சு விடுறாங்க. அவ்வளவுதான் இப்ப சொல்ல முடியும்.” போலீசுக்கு எழுதித்தான் ஆகவேண்டும் என்றும் சொன்னார். நவநீதன் பெஞ்சிலிருந்து எழுந்து, “நான் இங்கதான் சார் இருப்பேன்,” என்றான். அவனுக்குப் பக்கத்தில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு பெஞ்ச் இல்லை. உட்கார்ந்தாள்.

அம்மாவுக்கு போன் செய்தாள். தூக்க மாத்திரை என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே அம்மா என்றாள் முதலில், என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்பே. பிறகு நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான், அந்த முடிஞ்சு போயிரேன். அதை வாயால் சொன்னோமா, மனதுக்குள்தானா என்பதையே அவள் விடியும்வரை புரட்டிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்ததா. கையால் பொத்தியபோது அசைந்து நின்றது மாதிரி இருந்தது. ஜெனோவாவுக்குக் கேட்டிருக்குமா. மயக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும் என்கிறார்கள், கேட்காது என்கிறார்கள்.

காலையில் வெயில் அடித்தது, நேற்று எதுவுமே நடக்காத மாதிரி பளிச்சென்று. நர்ஸ் வந்து, கண்ணு முழிச்சுட்டாங்க, ஒருத்தர் மட்டும் வாங்க என்றாள். ஜெனோவா தலையணையில் பக்கவாட்டில் சாய்ந்திருந்தாள், உதடு வெடித்து, நாக்கின் ஓரத்தைக் கடித்ததால் வாய் வீங்கி. கருமணி சுருங்கிக் கண்ணுக்குப் பழைய பழுப்பு வந்திருந்தது. அந்தக் கண் பிலோமினாவைப் பார்த்தது. பார்த்ததும் அதில் ஏதோ பின்வாங்கியது. பிலோமினாவின் கால் கட்டிலுக்கு எட்டாமல் நின்றுவிட்டது. “ஜெனோ,” என்றாள். ஜெனோவா நர்ஸைப் பார்த்து, குழறுகிற நாக்கால், மெதுவாகச் சொன்னாள், “அக்காவக் கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்லுங்க.” நர்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இவளைப் பார்த்துச் சிரித்து வைத்தாள், மருந்துல அப்படித்தான் இருக்கும்மா, ஏதேதோ தெரிஞ்சுருக்கும், மனசுல வச்சுக்காதீங்க என்றாள். பிலோமினா தலையை ஆட்டினாள். காளான் காட்டியதாக இருக்கலாம். பதினொரு வருடமாக வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியதாக இருக்கலாம். அல்லது அதுவாகவே இருக்கலாம். கேட்க முடியாது. உன் காதில் என்ன விழுந்தது என்று கேட்டால், நீ என்ன சொன்னாய் என்று ஆகிவிடும். திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், கதவு பின்னால் மூடிக்கொள்வதற்கு முன்னால் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தூரமாப் போயிராதக்கா.”

“இல்ல,” என்றாள் பிலோமினா. “இங்கதான் இருக்கேன்.” கதவு முழுக்க மூடிவிடாமல் அதன் விளிம்பில் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்க்காமல் நின்றாள்.